முகம் உள்ளபடி எடுத்துத் தரப்படும்

அரசுகள் மறையும், கோட்டைகள் இடியும், அழகு வாடும். காலத்தின் கையிலிருந்து மனிதனைப் பறித்து நித்தியத்தின் மடியில் கிடத்தும் வல்லமை இப்பூவுலகில் ஒளிப்படக் கலை ஒன்றுக்கே உண்டு.

இந்த வாசகத்தைத் தனிஸ்லாஸ் தன் விசிட்டிங் கார்டின் பின்பக்கம் தமிழில் அச்சடித்து வைத்திருந்தான். முன்பக்கம் பிரெஞ்சில் அவனுடைய பெயர், பெயருக்குக் கீழே 'கலைஞர், புகைப்படக்காரர், பாரீஸ் முறை', அடியில் விலாசம். கார்டை வாங்கியவர்கள் வாசித்து முடித்ததும் தங்கள் பெருவிரலைப் பார்த்துக்கொண்டார்கள். மை காய்வதற்குள் அச்சுக்கூடத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்துவிட்டதால், நித்தியத்தில் பாதி விரலோடு வந்துவிட்டது.

பாரீஸ் முறை என்பதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. தனிஸ்லாஸ் சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் படம் விழும் கண்ணாடிப் பிளேட்டு கழுவும் வேலை பார்த்தவன். அந்த முதலாளி பாரீசிலிருந்து ஒரு படப் பத்திரிகை வரவழைப்பார். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. புதுச்சேரிக்காரன் என்பதால் படங்களுக்குக் கீழே எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லும் பொறுப்பு தனிஸ்லாசுக்கு வந்தது. பாரீசுக்கும் அவனுக்கும் இருந்த தொடர்பு அவ்வளவுதான். சைகோனில் பட்டாளத்தில் இருந்த தாய்மாமன் இறந்து, அவருடைய மரப்பெட்டிக் கேமரா கப்பலில் வந்து சேர்ந்ததும், பிளேட்டு கழுவுவதை விட்டுவிட்டுக் கலைஞனாக ஊர் திரும்பினான்.

கடை போட வசதி இல்லை. வீடு தேடி வந்து எடுத்துத் தருவதாக ஏற்பாடு. கேமராவின் மேல் போர்த்திக்கொள்ளும் கறுப்புத் துணி, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கிடைத்த ஒரு பழைய வக்கீல் அங்கி. அதற்குள் தலையை விட்டு அவன் குனிந்து நிற்கும்போது, தோற்றுப்போன கேஸை நினைத்து ஒரு வக்கீல் அழுவதுபோல் இருக்கும். பின்னால் தொங்கவிட, நாடகக் கொட்டகைத் திரைகளில் சீன் எழுதுகிறவரிடம் சொல்லி, துணியில் சுவிட்சர்லாந்து ஏரி ஒன்று எழுதி வாங்கியிருந்தான். ஏரியில் அன்னங்கள் வேண்டும் என்று கேட்டிருந்தான். சீன் எழுதுகிறவர் கொக்குதான் பார்த்திருந்தார்.

இவ்வளவும் எதிர் வீட்டு அகஸ்டினாவுக்காக.

அகஸ்டினா முசே யூஜினின் ஒரே பெண்; புதுச்சேரியில் ஐயா என்பதற்கு முசே. முசே யூஜின் கோர்ட்டில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்று, ரெத்ரேத்து என்கிற பென்ஷன் வாங்குகிறவர். அவரிடம் ஒரு மெடல் இருந்தது. எதற்காகக் கொடுத்தார்கள் என்று அவருக்கே தெளிவாக ஞாபகமில்லை. எழுந்திருக்காமல் நெடுநாள் உட்கார்ந்திருந்ததற்காக என்று கோர்ட்டு வட்டாரத்தில் பேச்சு. அகஸ்டினாவுக்கு வாய் கொஞ்சம் நீளம், சிரிப்பு அதைவிட நீளம். மாதா கோவிலில் பிரசங்கம் நடக்கும்போது சிரிப்பை அடக்க அவள் முக்காட்டைக் கடித்துக்கொள்வதை ஆண்கள் பக்கத்து பெஞ்சியிலிருந்து தனிஸ்லாஸ் பார்த்திருக்கிறான். சென்னையிலிருந்து அவன் திரும்பி வந்ததற்கு மாமனின் கேமரா பாதிக் காரணம். மீதிப் பாதி அந்த முக்காடு.

ஊருக்கு வந்ததும் அம்மா வேளாங்கண்ணியம்மாளை எதிர் வீட்டுக்கு அனுப்பிவைத்தான். அம்மா பலகாரத் தட்டோடு போய், பட்டும் படாமலும் பேச்சை எடுத்துப் பார்த்தாள். முசே யூஜின் பலகாரத்தைச் சாப்பிட்டு முடித்துவிட்டுப் பதில் சொன்னார்.

"உங்க பையன் தங்கமான பையன், மதாம். நான் குத்தம் சொல்லல. ஆனா நாளைக்கு நாலு பேரு என் மாப்பிள்ளை யாருன்னு கேட்டா, நான் ஒரு பேரு சொன்னா, 'ஓ, அவரா!'ங்கணும். 'யாரு, அந்தப் பொட்டி தூக்கிக்கினு போறவனா?'ன்னு கேட்டா நான் மொகத்த எங்க வெச்சுக்கறது?"

அம்மா வந்து அதை அப்படியே சொன்னாள். வேறொருவனாக இருந்தால் துக்கப்பட்டிருப்பான். தனிஸ்லாஸ் சந்தோஷப்பட்டான். முடியாது என்று சொல்லவில்லையே! பெயர் தெரிந்த ஆளாக வேண்டும், அவ்வளவுதானே?

அன்றிலிருந்து ஊருக்குத் தன்னைத் தெரியப்படுத்தும் வேலையில் இறங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறவர்களுக்கு வாசலில் நின்று கார்டு கொடுத்தான். அது செத்தவர்களுக்கு ஜெபிக்கச் சொல்லிக் கொடுக்கும் நினைவுச் சீட்டு என்று நினைத்துக்கொண்டு பல பேர் முத்தமிட்டு ஜெபப் புத்தகத்தில் வைத்துக்கொண்டார்கள். இறந்துபோன தனிஸ்லாசின் ஆத்துமாவுக்காகச் சிலர் வேண்டிக்கொள்ளவும் செய்தார்கள்.

பிறகு உழவர்கரைப் பக்கம் ஒரு தமுக்குக்காரனை அமர்த்தினான். தமுக்கு முன்னால், சைக்கிளில் கேமராவும் அதை நிறுத்தும் மூன்று காலும் கட்டிக்கொண்டு, வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாகக் கலைஞன் பின்னால். தமுக்குச் சத்தம் கேட்டால் அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ஒன்று வரி, இல்லாவிட்டால் அம்மை குத்துகிறவர்கள். வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் சந்தேகமே இல்லாமல் போயிற்று. பிள்ளைகளை வாரிக்கொண்டு கொல்லைப்புறமாக ஓடினார்கள். தெரு முழுக்கக் கதவடைத்திருக்க, ஒரு கிழவர் மட்டும் ஓட முடியாமல் உட்கார்ந்திருந்தார். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, "குத்து, சாமி. சீக்கிரம் குத்திட்டுப் போ" என்றார்.

குருசுக்குப்பத்தில் வேறுவிதமாக நடந்தது. அங்கே யாரும் ஓடவில்லை, சூழ்ந்துகொண்டார்கள். மீன்காரப் பூவாயி கூடையை இறக்கிவைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இன்னா சாமி, இந்தப் பொட்டில மூஞ்சி வுழுமா?"

"விழும்."

"மீனு வுழுமா?"

"மீனா?"

"என் வூட்டுக்காரரு நேத்து ஒரு வஞ்சிரம் கொணாந்தாரு பாரு, எங்க நாத்தனாரு நம்ப மாட்டேங்கறா. மீனு நல்லாத் தெரியற மாதிரி ஒண்ணு எடுத்துக் குடு. நான் ஓரமா நின்னுக்கறேன். நான் வுழாட்டியும் பரவால்ல."

தான் முகங்களின் கலைஞன், மீன் எடுப்பதில்லை என்று தனிஸ்லாஸ் விளக்கினான். பூவாயி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "வெலபோற சரக்க வேணாங்கற. நீ எப்படி சாமி பொழைப்ப?" என்று கேட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

கடைசியில் புத்தி சொன்னவன் தையல்காரன் லூயிஸ். இவனோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவன். பெரிய தெருவில் நல்ல இடத்தில் கடை வைத்திருந்தான். துரைமார் வீட்டுக் கால்சட்டைகளைப் பிரித்துத் தைத்துக்கொண்டே பேசுவான்.

"டேய், ஊர் முழுக்க உன் மூஞ்சியத்தான காட்டிக்கினு திரியற? உன் மூஞ்சி யாருக்கு வேணும்? நீ எடுத்த மூஞ்சி ஒண்ணக் காட்டு. என் கடை வாசல்ல கண்ணாடிக் கூண்டு சும்மா கெடக்கு. நல்ல படமா ஒண்ணு மாட்டு. பாக்கறவன் தானா வருவான்."

நல்ல யோசனைதான். ஆனால் மாட்டுவதற்குப் படம் இல்லை. அதுவரை அவன் எடுத்திருந்தது அம்மாவை ஒரு முறை, பக்கத்து வீட்டு ஆட்டை ஒரு முறை. இரண்டில் ஆடுதான் அசையாமல் நின்றிருந்தது.

ஆனால் கண்ணாடிக் கூண்டு பற்றிய சேதி எதிர் வீட்டுக்குப் போய்விட்டது. பெரிய தெருவில், ஊர்ப் பிரமுகர்கள் ஆள் தள்ளும் புஷ்வண்டியில் போகிற வழியில், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முகம்! மறுநாள் காலையில் முசே யூஜின் தாமாகவே தெருவைக் கடந்து வந்தார். தமக்கு இதிலெல்லாம் ஆசை இல்லை என்றும், ஒரு இளைஞனுக்கு உதவி செய்வது பெரியவர்களின் கடமை என்றும் சொன்னார். மெடலை முன்னமே துடைத்துக் குத்திக்கொண்டு வந்திருந்தார்.

யூஜின் வீட்டு முற்றத்தில் சுவிட்சர்லாந்து கட்டப்பட்டது. அவர் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலிக்குப் பக்கத்தில் சற்றே பின்தள்ளி, சாய்மானத்தில் கைவைத்து அகஸ்டினா நின்றாள். தனிஸ்லாஸ் அங்கிக்குள் போனான். கேமராவின் பின்புறக் கண்ணாடியில் உலகம் தலைகீழாக இருந்தது. அந்தத் தலைகீழ் உலகத்தில் அகஸ்டினா கொக்குகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அவனுக்கு வெளியே வர மனமில்லை.

"உள்ள தூங்கிட்டாரா பாருங்கப்பா" என்றாள் அவள்.

"பேசாத. அவரு வெளிச்சம் பாக்கறாரு."

"துணிக்குள்ள ஏதுப்பா வெளிச்சம்?"

தனிஸ்லாஸ் வெளியே வந்தான். என்னென்னவோ சொல்ல வாயெடுத்தான். "அசையாதீங்க" என்றான்.

அவள் அசையவில்லை. சிரிப்பு வரப்போகிற, ஆனால் இன்னும் வராத அந்த நேரத்தில் அப்படியே நின்றாள். அசைந்தவர் யூஜின். நெஞ்சை நிமிர்த்தியவர் மூச்சை விட்டுவிட்டார். பிளேட்டைக் கழுவிப் பார்த்தபோது அவருடைய மெடல் இரண்டாக விழுந்திருந்தது. மன்னிப்புக் கேட்கத் தயாராகத்தான் தனிஸ்லாஸ் படத்தைக் கொண்டுபோனான். யூஜின் இரண்டு மெடலையும் வெகு நேரம் பார்த்துவிட்டு, "நல்லா எடுத்திருக்கீங்க. இதுல ஒண்ணும் கை வைக்காதீங்க" என்றார்.

படம் கூண்டுக்குப் போயிற்று. ஜனங்கள் நின்று பார்த்தார்கள். முசே யூஜினை யாரும் பார்க்கவில்லை. அகஸ்டினாவின் உதட்டோரத்தில் அந்தச் சிரிப்பு வந்துவிடுமா என்று காத்திருப்பவர்களைப் போல் நின்றார்கள். கால்சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்கள் அளவு கொடுக்க மறந்தார்கள். கூண்டுக்குக் கீழே கார்டுகளை அடுக்கி வைத்திருந்தான் லூயிஸ். அவை தீர்ந்தன. ஊர் எல்லையில் இருக்கும் கதிர்காமத்திலிருந்துகூட ஆள் வந்தது. பெண்களைப் பெற்றவர்கள், "அந்தப் பொண்ணு மாதிரி" எடுக்க வேண்டும் என்று கேட்டார்கள்; அந்தப் பெண் மாதிரி யாரும் நிற்கத்தான் இல்லை.

இந்த இடத்தில் தனிஸ்லாஸ் தெருவைக் கடந்திருக்கலாம். அகலமான தெரு அல்ல. ஒரு மாட்டுவண்டி போனால் எதிரே வருகிறவன் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் அவன் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தான். பெயர் இன்னும் கொஞ்சம் பரவட்டும். வருஷப் பிறப்பன்று எல்லோரும் எல்லோர் வீட்டுக்கும் வாழ்த்துச் சொல்லப் போவார்கள். அன்றைக்குக் கோட்டுப் போட்டுக்கொண்டு போய்க் கேட்டால் கம்பீரமாக இருக்கும். இடையில் ஜன்னல் வழியாக அவள் தெரியும்போது மரியாதையாகத் தொப்பியைத் தொடுவான். அவளும் தலையசைப்பாள். இப்படியே வாடிக்கைக்காரர்கள் அதிகமானார்கள்.

வருஷப் பிறப்புக்கு முன்னால் ஆரோக்கியத்தம்மாள் வந்துவிட்டாள்.

அந்த அம்மாளின் மகன் அந்துவானுக்குச் சைகோனில் சுங்க இலாகாவில் உத்தியோகம். சைகோனில் இருக்கிற பிள்ளைகளுக்குப் புதுச்சேரியில் பெண் பார்ப்பது எப்படி என்று அந்நாளில் எல்லோருக்கும் தெரியும். பெண்ணின் படம் கப்பலில் போகும். சம்மதம் கப்பலில் வரும். மாப்பிள்ளை லீவு போட்டு வந்து தாலி கட்டிக் கூட்டிப்போவான்; லீவு கிடைக்காவிட்டால் பெண்ணே துணையோடு கப்பலேறிப் போய்க் கட்டிக்கொள்வதும் உண்டு. அதனால் படம் எடுப்பவனிடம் டச்சிங் வேலை அதிகம். கறுப்பு வெளுக்கும், மேடு பள்ளம் சமமாகும், வயசு குறையும்.

"தம்பி, கூண்டுல இருக்கற அந்தப் பொண்ண மட்டும் தனியா ஒண்ணு போட்டுக் குடு" என்றாள் ஆரோக்கியத்தம்மாள். "அப்பங்காரரு வேணாம். அவரத் தள்ளிடு. என் பையனுக்கு அனுப்பிப் பாக்கறேன். அவங்க வீட்ல இன்னும் பேசல. மொதல்ல இவன் சரின்னு சொல்லட்டும்."

"கட்டாயம், மதாம்" என்றான் தனிஸ்லாஸ். பிழைப்பின் முதல் விதி வாடிக்கைக்காரரிடம் இல்லை என்று சொல்லாதது. அது அவனுக்கு அந்த நேரத்தில்தானா ஞாபகம் வர வேண்டும்?

அம்மா நெல் கொட்டி வைக்கும் அறைதான் அவனுடைய இருட்டறை. சிவப்பு விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு பிளேட்டும் கையுமாக உட்கார்ந்தான். எதிர் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முசே யூஜின் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விடுவது இங்கே கேட்டது. எழுந்து போய், "உங்க பொண்ண எனக்குக் குடுங்க" என்று சொல்ல ஐந்து வார்த்தைகூட ஆகாது. தனிஸ்லாஸ் டச்சிங் கத்தியை எடுத்தான்.

பிளேட்டில் இருப்பது எதிர்மறை. அதில் சுரண்டிய இடம் படத்தில் கறுப்பாக விழும். கன்னத்தில் கொஞ்சம் சுரண்டினான், கன்னம் ஒட்டியது. கண்ணுக்குக் கீழே சுரண்டினான். தூக்கம் கெட்டு வருஷக்கணக்கானவள்போல் ஆனாள். மூக்கைச் சற்று அகட்டினான். உதட்டோரத்துச் சிரிப்புக்கு வந்தபோது கை தயங்கியது. பிறகு அதையும் எடுத்துவிட்டான். உதட்டுக்கு மேலே லேசாக ஒரு கீறு. பாரீஸ் பத்திரிகையில் மீசை வைத்த ஒரு ஜெனரலின் படம் பார்த்த நினைவு.

சென்னையில் முதலாளி கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தபோதெல்லாம் வராத சுத்தம் அன்றைக்கு வந்தது. முசே யூஜினைக் கறுப்புக் காகிதத்தால் மறைத்துப் படம் போட்டான். மறைப்புக்குத் தப்பி ஓரத்தில் அவருடைய ஒரு காது மட்டும் விழுந்திருந்தது.

ஆரோக்கியத்தம்மாள் படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஏன் தம்பி, கூண்டுல நல்லா இருந்துச்சே?"

"கூண்டுல வெயில் பட்டு வெளுத்திருக்கும், மதாம். இதுதான் அசல்."

"பாவம்" என்றாள் அந்த அம்மாள். "சரி, எடுத்தாச்சு, அனுப்பி வைப்போம். கப்பல் போகுதுல்ல."

தனிஸ்லாஸ் நிம்மதியாகத் தூங்கினான். அவன் வாழ்க்கையிலேயே மிகவும் உற்சாகமான நாட்கள் அதற்குப் பின்னால் வந்தவைதான். வருஷப் பிறப்புக்குப் புதுக் கோட்டு தைக்கக் கொடுத்தான். லூயிஸ் அளவெடுத்துக்கொண்டே, "யாருக்குடா இந்த வேஷம்?" என்று கேட்டதற்கு, "எல்லாம் காரணமாத்தான்" என்று புன்னகை செய்தான். கோட்டு தயாராகிவிட்டது. ஆனால் வருஷப் பிறப்பன்று காலையில் அம்மாவுக்குக் காய்ச்சல். கோட்டில் ஒரு பொத்தான் வேறு சரியில்லை. ஈஸ்டரும் நல்ல நாள்தானே என்று ஒத்திப்போட்டான்.

ஈஸ்டருக்கு முன்னால் ஒரு நாள் ஆரோக்கியத்தம்மாள் புஷ்வண்டியில் வந்து இறங்கினாள். கையில் ஒரு கேக்கு. வாசலிலிருந்தே அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளாத குறை.

"தம்பி, நீ நல்லா இருக்கணும்! என் பையன் சரின்னுட்டான்!"

தனிஸ்லாஸ் கேக்கை வாங்கிக்கொண்டான்.

"இத்தன வருஷமா எத்தன படம் அனுப்பினேன்! ஒண்ணு விடாம வேணாம்னுட்டான். இப்ப சொல்றான்: 'அம்மா, நீ அனுப்பின படமெல்லாம் கோவில் சுவத்துக்கு வெள்ளையடிச்ச மாதிரி இருந்துச்சு. எனக்கு நம்பிக்கை வரல'ன்னு. அவன்கூட வேல பாக்கற ஒருத்தன், படத்த கையில வெச்சுக்கினு துறைமுகத்துல நின்னானாம். பொண்ணு எதுக்க வந்து நிக்கிறா, இவன் அவளையே படத்தக் காட்டி, 'இவங்களப் பாத்தீங்களா?'ன்னு கேட்டிருக்கான்! அதுலேர்ந்து இவனுக்கு ஒரே பயம். 'இந்தப் பொண்ணு தன் கொறைய மறைக்காம நிக்கிறா. அவ வீட்டுக்காரங்க நேர்மையானவங்க. இவதான் வேணும்'னுட்டான். எல்லாம் உன் கைராசி!"

அம்மா உள்ளேயிருந்து கத்தி கொண்டுவந்து கேக்கை வெட்டினாள். தனிஸ்லாஸ் ஒரு துண்டு சாப்பிட்டான். நன்றாக இருந்தது.

அன்று சாயங்காலமே எதிர் வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். சுங்க இலாகா என்றதும் முசே யூஜின், "ஓ, அவரா!" என்றாராம்.

அடுத்த வாரம் ஒரு பகல்பொழுதில் அகஸ்டினா வந்தாள். வேளாங்கண்ணியம்மாளிடம் வடகம் பிழியும் அச்சு வாங்கிப்போக வந்ததாகப் பேர். அம்மா அச்சைத் தேடப் பரண் பக்கம் போனாள். முற்றத்தில் பிளேட்டுகளைக் காயவைத்துக்கொண்டிருந்த தனிஸ்லாசின் முன்னால் அகஸ்டினா நின்று, முந்தானைக்குள்ளிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினாள். சைகோனிலிருந்து சம்மதக் கடிதத்தோடு திரும்பி வந்த படம். ஓரத்தில் காது.

"இது யாரு?"

"நீங்கதான்."

"கூண்டுல இருக்கறது?"

"அதுவும் நீங்கதான்."

"என் ஒதட்டுக்கு மேல இன்னா இது?"

தனிஸ்லாஸ் படத்தை வாங்கிப் பார்த்தான். அவள் கோபமாகக் கேட்கவில்லை. சிரிக்கவும் இல்லை. அசையாதே என்று சொல்லி நிறுத்தி வைத்ததுபோல் நின்றாள். அம்மா பரணில் பாத்திரங்களை உருட்டும் சத்தம் கேட்டது. அவள் எதற்காகக் கேட்கிறாள் என்பது அவனுக்குப் புரிந்தது. புரியவில்லை என்று பிற்பாடு அவனால் தன்னிடமே சொல்லிக்கொள்ள முடியாமல் போனதுதான் தொல்லை.

"நிழல்" என்றான்.

"நெழலா?"

"வெளிச்சம் அப்படி விழுந்துடுச்சு. மேகம் வந்தா அப்படித்தான்."

"அன்னைக்கு மேகம் இல்லையே."

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. கேமராவுக்குத் தெரியும்."

அவள் படத்தைத் திரும்ப வாங்கி, முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஊர்ல ஒருத்தர் பாக்கி இல்லாம கார்டு குடுத்தீங்க. எங்க வீட்டுக்குப் பால் ஊத்தறவர்கிட்டகூட இருக்கு. எனக்கு ஒண்ணு குடுக்கணும்னு தோணலையா?"

"எதிர் வீடுதானே," என்றான் தனிஸ்லாஸ், "உங்களுக்குத்தான் விலாசம் தெரியுமே."

"ஆமா" என்றாள் அகஸ்டினா. "விலாசம் தெரியும்."

அச்சு கிடைத்துவிட்டது. வாங்கிக்கொண்டு போனாள். அவள் போன பிறகு அவனுக்கு வரிசையாக நல்ல நல்ல பதில்கள் தோன்றின. ஒன்றிரண்டைச் சத்தமாகவே சொல்லிப் பார்த்தான். அம்மா எட்டிப்பார்த்து, "யாருகிட்ட பேசற?" என்றாள்.

நிச்சயமான பெண்ணின் முகம் தெருவில் நிற்கக் கூடாது என்று முசே யூஜின் கூண்டுப் படத்தை வாங்கிக்கொண்டுபோய்விட்டார். இன்னொன்று போடலாம் என்றால் பிளேட்டு சுரண்டிய பிளேட்டு. சுரண்டியதைத் திரும்ப ஒட்ட பாரீசிலும் முறை இல்லை. சிரிப்பு வரப்போகிற அந்த முகத்தை மறுபடி பார்க்க வேண்டுமானால் அவன் யூஜின் வீட்டுக்குத்தான் போக வேண்டும். போய் என்னவென்று கேட்பது?

அந்துவான் லீவில் வந்தான். கப்பலிலிருந்து படகில் இறங்கி, கடல்பாலத்தில் ஏறி வந்தவன், எதிரே அகஸ்டினாவைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்ற மறந்து நின்றுவிட்டான். படத்தில் பார்த்ததற்கு ஒருத்தி நேரில் இவ்வளவு நன்றாக இருக்க முடியும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. அகஸ்டினாவுக்கு அவனுடைய முகத்தைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவில்லை. கடல்பாலத்தில் எல்லோரும் பார்க்கச் சிரித்தாள். அந்துவானும் சிரித்தான். தனிஸ்லாஸ் பக்கத்தில்தான் நின்றிருந்தான்; வரவேற்புப் படம் எடுக்க ஆரோக்கியத்தம்மாள் சொல்லியிருந்தாள்.

அந்துவான் நல்லவன் வேறு. கெட்டவனாக இருந்திருந்தால் தனிஸ்லாசுக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். கல்யாணத்தன்று குரூப் படம் எடுத்து முடிந்ததும் அவன் நேராக வந்து கையைப் பிடித்துக் குலுக்கி, "இந்த ஊர்லயே பொய் சொல்லத் தெரியாத ஆளு நீங்க ஒருத்தருதான், முசே" என்று கண் கலங்கச் சொன்னான். பக்கத்தில் நின்றிருந்த அகஸ்டினா சுவிட்சர்லாந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கப்பல் போயிற்று. அதற்கடுத்த கப்பல்களில் சைகோனிலிருந்து வந்த கடிதங்களிலெல்லாம், படம் எடுத்தால் தனிஸ்லாசிடம்தான் எடுக்க வேண்டும், மற்றவர்கள் எடுத்த படம் வேண்டாம் என்று பிள்ளைகள் எழுதத் தொடங்கினார்கள். ஊரில் மற்ற படக்காரர்கள் டச்சிங் பென்சிலைத் தீட்டி வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பெண்களைப் பெற்றவர்கள் இவனிடம் வந்து, "கொஞ்சம் சுமாராவே எடுங்க, தம்பி. ரொம்ப நல்லா விழுந்துடப் போவுது" என்று கெஞ்சினார்கள். பெரிய தெருவில் லூயிஸ் கடைக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்துப் பலகை மாட்டினான்: 'முகம் உள்ளபடி எடுத்துத் தரப்படும்.' பாரீஸ் முறையை எடுத்துவிட்டான். தேவைப்படவில்லை.

பெயர் தெரிந்த ஆளாகிவிட்டான். முசே யூஜின் சாயங்காலங்களில் கடற்கரையில் உலாவும்போது, சைகோனில் இருக்கும் தம் மகளைப் பற்றி யாராவது விசாரித்தால் பேச்சோடு பேச்சாக, "படக்காரர் தனிஸ்லாஸ் தெரியுமில்ல? நம்ம எதிர் வீடுதான்" என்று சொல்லிக்கொள்வார். கேட்டவர்கள், "ஓ, அவரா!" என்பார்கள். யூஜின் அதை வீட்டுக்கு வந்து வேளாங்கண்ணியம்மாளிடமும் சொன்னார். அம்மா அதை மகனிடம் சொல்லவில்லை. ஜன்னலை மட்டும் சாத்திவிட்டு வந்தாள்.

அப்புறமும் சில நாட்கள், வெளிச்சம் நன்றாக இருக்கும் காலை வேளைகளில், யாராவது ஒரு பெண் சுவிட்சர்லாந்துக்கு முன்னால் வந்து நின்று கொக்குகளைப் பார்த்து முகத்தைச் சுளிப்பாள். அங்கிக்குள்ளிருந்து வெளியே வர அவனுக்கு அன்றைக்கு நேரமாகும். வெளியே காத்திருப்பவர்கள், உள்ளபடி எடுப்பதென்றால் சும்மாவா என்று பொறுமையாக இருப்பார்கள்.

இரண்டொரு வருஷம் கழித்து அம்மா அவனுக்குக் காரைக்காலில் ஒரு பெண் பார்த்தாள். மாப்பிள்ளையின் படம் ஒன்று அனுப்பச் சொன்னார்கள். தனிஸ்லாஸ் யாரிடமும் சொல்லாமல் கடலூருக்கு ரயிலேறிப்போய், அங்கே ஒரு ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொண்டு, நெற்றிக்கு மேலே டச்சிங்கில் கொஞ்சம் முடி வைத்து வாங்கி வந்தான்.